டீச்சர் ஒளித்து வைக்கும் இடம்

மத்தியானம் கட்டிலில் படுக்க வைத்த பிள்ளை, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று வயதுப் பையன் தூக்கத்தில் நடப்பது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. ஆனால் அந்த இடுக்கில் துடைப்பத்தை நுழைக்கவே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்ப வேண்டியிருக்கும். பிள்ளையோ பழைய துண்டுகளின் மேல், முழங்காலில் முகம் புதைத்து, யாரோ பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்த மாதிரி சுருண்டு கிடந்தான். தூக்கியபோது பிடரி ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்து முகர்ந்தாள். மீன் வாடை.

இயந்திரத்தின் மேல் பூனை உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் எதையும் வளர்த்ததில்லை, அவள் கணவன் வளர்த்த தொப்பையைத் தவிர. அவன் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவன். காலையில் கணினி முன் உட்கார்ந்தால் நாற்காலிக்கும் அவனுக்கும் நடுவே சிமெண்ட் பூசிய மாதிரி. பிள்ளைகளுக்கு ஒரு துணை இருக்கட்டும் என்று பிராணிகள் காப்பகத்துக்குக் கூட்டிப் போனவனும் அவன்தான். இடிந்த கட்டடம் ஒன்றின் அடியிலிருந்து குட்டிகளோடு மீட்ட பூனை அது. குட்டிகள் ஒவ்வொன்றாக வீடு கிடைத்துப் போய்விட்டன. தாயைத்தான் சீந்துவார் இல்லை. “குழந்தைங்கன்னா உயிரையே விடும்” என்று காப்பகத்துப் பெண் சொன்னாள். அன்று அது ஒரு சிபாரிசாகத்தான் காதில் விழுந்தது.

வீட்டுப்பாடம் எழுதாதவர்களைப் பார்க்கிற மாதிரியே எல்லாரையும் பார்த்ததால், ஒன்றாம் வகுப்பு படிக்கும் பெரியவள் அதற்கு டீச்சர் என்று பெயர் வைத்தாள்.

பழக்குவதற்குக் காப்பகத்துப் பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். ஒரு துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி, அதே துணியை வீட்டில் எல்லாரும் கையிலும் கழுத்திலும் தேய்த்துக்கொள்ள வேண்டும். வாசனை ஒன்றானால்தான் குடும்பம் ஒன்று என்று பூனை நம்பும். அவள் எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவள். தினமும் பிள்ளைகளுக்குத் தேய்த்தாள், நாற்காலியை விட்டு எழாதவனுக்கு நாற்காலியிலேயே தேய்த்தாள். தனக்கு மட்டும் தேய்க்கவில்லை. அவள் வேலை மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கிக் கட்டித் தருகிற அறையில். அங்கே ஒரு பூனை முடி போனாலும் அவள் வேலை போகும். ஆகவே அந்த வீட்டில் எல்லாரும் பூனையாக மணத்தார்கள். அவள் மட்டும் எத்தனை குளித்தாலும் தோலை விட்டுப் போகாத மருந்து நெடியோடு, தன் வீட்டுக்குள் ஒரு மருத்துவமனை மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை சின்னவன் சமையலறை மேடைக்குக் கீழே, பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால் கிடைத்தான். அதற்கடுத்து துணி அலமாரியின் அடித்தட்டில், அக்காவோடு சேர்ந்து. இருவரின் பிடரியும் ஈரம். கூடத்துத் தரையின் மெல்லிய தூசியில் கட்டிலிலிருந்து அலமாரி வரை இரண்டு கோடுகள் ஓடின. குதிகால்கள் இழுபட்ட கோடுகள். பூனையோ நாலைந்து தேங்காயின் எடை கூட இருக்காது.

கணவனிடம் சொன்னாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவது குற்றமா என்று கேட்டான். அவள் அறை அறையாகப் போய் வந்ததைப் பார்த்து, “குட்டி போட்ட பூனை மாதிரி அலையாதடி, தலை சுத்துது” என்றான். வழக்கமாக அவள் சிரித்திருப்பாள்.

பெரியவளைத் தனியாக மடியில் உட்கார வைத்துக் கேட்டாள். பிள்ளை அவள் கையை மூக்கருகே கொண்டுபோய், முகம் சுளித்து, மெல்ல விலக்கி வைத்தாள்.

“நீ வர்ற சத்தம் கேட்டா டீச்சர் எங்கள ஒளிச்சு வைப்பாங்கம்மா.”

“ஏன்டா கண்ணு?”

“நீ எடுத்துட்டுப் போய் யாருக்காவது குடுத்துருவியாம்.”

காப்பகத்துக்குப் போன் செய்தாள். தாய்ப்பூனை அப்படித்தான், ஆபத்து என்று தோன்றினால் குட்டிகளுக்கு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் என்று அந்தப் பெண் சாவகாசமாக விளக்கினாள். குட்டிகளைத் தாயிடமிருந்து எப்படி எடுத்தீர்கள் என்று இவள் கேட்டாள். கடிக்காமல் இருக்கக் கையுறை போட்டு, கையையும் கூடையையும் மருந்து தெளித்துத் துடைத்துவிட்டு, தாய் சாப்பிடும் நேரத்தில். எல்லாம் முறைப்படிதான். ஏன், ஏதாவது பிரச்சினையா?

திருப்பித் தந்துவிடுகிறேன் என்றாள். தாராளமாகக் கொண்டுவரலாம் என்றார்கள்.

அன்று மாலையே முடித்துவிட நினைத்தாள். வேலையிடத்திலிருந்து முழங்கை வரை வரும் கையுறைகளை எடுத்து வந்திருந்தாள். கீறினால் தொற்று வரும், தொற்று வந்தால் விடுப்பு எடுக்க வேண்டும். அவளுக்கு யோசனை அந்த வழியில்தான் போகும். பூனை சமையலறையில் தட்டில் வாய் வைத்திருந்தது. கையுறையை மாட்டி, பிளாஸ்டிக் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னாலிருந்து குனிந்தாள்.

பூனை திரும்பிப் பார்த்தது. முதலில் கையுறையை. பிறகு கூடையை. பிறகு அவள் முகத்தை.

சீறவில்லை. கீறவில்லை. ரொம்ப நாளாகத் தேடிய ஆள் கிடைத்துவிட்ட மாதிரி நிதானமாகப் பார்த்துவிட்டு, அவள் கைகளுக்கு நடுவே புகுந்து கூடத்துக்குப் போய்விட்டது. அங்கே அவள் கணவன் நின்றிருந்தான். வேலை நேரத்தில், நாற்காலியை விட்டு எழுந்து.

“என்ன பண்ற?” என்றான். “நாம நாலு பேரும் நல்லாத்தானே இருக்கோம்.”

அவன் பின்னால் பிள்ளைகள். அவர்கள் காலடியில் பூனை. அவள் எண்ணிப் பார்த்தாள். நான்கு சரியாகத்தான் வந்தது.

“என்னைச் சேத்தா சொல்றீங்க?”

அவன் சட்டைக் காலரைச் சொறிந்துகொண்டான். காலர் நனைந்திருந்தது.

மறுநாள் விடுப்புக் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. வேலை முடிந்து அவள் படியேறியபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக் கதவு பூட்டப்படவில்லை. கணினி ஓடிக்கொண்டிருந்தது, திரையில் பாதி வரைந்த வீடு ஒன்று, நாற்காலியின் மெத்தையில் பெரிய பள்ளம், அதில் கை வைத்தால் மெல்லிய சூடு. மேசையிலிருந்து சமையலறை வரை தூசியில் இரண்டு கோடுகள். அகலமான கோடுகள். பெரிய குதிகால்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் இல்லை. மேடைக்குக் கீழே இல்லை. அலமாரியில் இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு காலுறை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சமையலறைக்குள், தலைக்கு மேலே, பரணிலிருந்து. பூனை சுகமாகப் படுத்திருக்கும்போது தொண்டைக்குள் உருளுமே, அந்த உறுமல். பூனை அங்கேதான் இருக்கிறது என்று முதலில் ஒரு நிம்மதி கூட வந்தது. நின்று கேட்டாள்.

ஒன்று இல்லை.

சீராக ஒன்று. அதோடு மெலிதாக, சந்தோஷமாக இன்னொன்று. நடுநடுவே மூக்கடைத்துத் திணறி, மறுபடி தொடங்கும் மூன்றாவது. சின்னவனுக்குச் சளி பிடித்து இரண்டு நாளாகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், கனமாக, ஒன்று. வருஷக்கணக்கில் பக்கத்தில் படுத்துக் கேட்ட தொண்டை.

ஏணி இல்லாத பரண் அது. முக்காலி போட்டாலும் எட்டாது.

“குட்டி,” என்றாள். “அம்மாடா.”

எல்லாம் ஒரே சமயத்தில் நின்றது.

பரண் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் யாரோ யாரையோ உள்பக்கமாக இழுத்து அணைத்துக்கொள்ளும் சரசரப்பு. பிறகு கதவின் விளிம்பில் ஒரு கை வந்தது. தடித்த விரல்கள், கல்யாண மோதிரம். அது மெதுவாக, பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாது என்கிற பதவிசோடு, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தியது.