காற்றுக்குப் பட்டா இல்லை

மணி இரண்டு. வாசல்நிலைக்கு மேலிருந்த வெப்பக்கண் முப்பத்தைந்து டிகிரி காட்டியது. ஜெசிந்தா மேற்குச் சுவரோரப் புங்கைக்கு இன்னொரு குடம் ஊற்றினாள். தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் பிற்பகல் இப்படித்தான் கழியும். ஏசியைத் தடை செய்து முப்பது வருடமாகிறது. வீட்டை அதன் தோட்டம்தான் குளிர்விக்க வேண்டும்: மேற்கே நிழல்மரம், கிழக்கே கடற்காற்றுக்குத் திறந்தவெளி. மூன்று மணிக்கு முப்பத்துநான்கைத் தாண்டினால் சிவப்பு நாள். தொடர்ந்து முப்பது சிவப்பு நாள் வந்தால் வீட்டைப் பூட்டிச் சீல் வைத்துவிடுவார்கள். இந்தச் சட்டத்தை எழுதின மகராசன் எந்த நிழலில் உட்கார்ந்து எழுதினானோ!

இன்று முப்பதாவது நாள். வெப்ப ஆய்வாளர் நயினார் சீலும் கையுமாக வந்துவிட்டார்.

"கஸ்பார் அண்ணாச்சிய மெதுவா வெளிய கொண்டு வந்துருங்கக்கா. மூணு மணிக்கு மேல யாரும் உள்ள இருக்கக் கூடாது."

"கால் வெளங்காத எம் புருசன எங்க கொண்டு வைக்க? அந்தக் காலனி மரம் என் காத்த மறிக்குது. அத எழுதுமய்யா."

"காத்துக்குப் பட்டா கிடையாதுக்கா. ஒங்க வீடு, ஒங்க தோட்டம். சட்டம் அவ்வளவுதான்."

அவள் சொன்ன காலனி கிழக்கே இருந்தது, புதிய தற்குளிர்க் குடியிருப்பு. அதன் விளிம்பில் காற்றுத்திருப்பி மரங்கள், கடற்காற்றை மடக்கி அந்த வீடுகளுக்குள் தள்ளும்படி சாய்வரிசையில் நின்றன. அவற்றுக்குக் குழி தோண்டியதும், நட்டதும், மூன்று கோடை தண்ணீர் ஊற்றியதும் ஜெசிந்தாதான். கூலி வேலை. சாய்வாக நடச் சொன்னார்கள், நட்டாள். ஏன் சாய்வு என்று கேட்கவில்லை. அதை நினைத்தால் தன் கையையே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

மரத்தை வெட்டினால் சிறை. ஆனால் அந்த வரிசையைக் கவாத்து செய்ய உரிமம் அவளிடம் இருந்தது. ரம்பத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"எக்கா, எங்க போறீங்க?"

"வேலைக்கு!"

தன் ஜன்னலுக்கு நேரே நின்ற இரண்டு மரங்களின் கிளைகளை அடியோடு கழித்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசிக் கிளை விழுந்ததும் காற்று அவள் முதுகைத் தாண்டி வீட்டுக்குள் புகுந்தது. முப்பத்துநான்கு. முப்பத்துமூன்று. மூன்று மணிக்கு வெப்பக்கண் பச்சையாக எரிந்தது.

"பொழச்சிட்டீங்கக்கா," என்றார் நயினார்.

அப்போது குடியிருப்பின் முதல் வீட்டில் வெப்ப எச்சரிக்கைச் சங்கு அலறியது. பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நித்திலா ஓடிவந்தாள். மரம் நட்ட நாட்களில் ஜெசிந்தாவுக்குத் தினமும் மோர் கொடுத்தவள்.

"அக்கா, வீட்டுக்குள்ள காத்தே இல்ல. முப்பத்தஞ்சு காட்டுது. பிள்ளைக்கு மூச்சு வாங்குது. என்னக்கா ஆச்சு?"

நயினார் ஏட்டைப் புரட்டினார். "முதல் சிவப்பு நாள்," என்று எழுதினார்.

"எழுதாதேயும்!" ஜெசிந்தா கத்தினாள். "என் வீடு குளுரணும்னா இந்தப் பிள்ள வேகணுமா? எங்கள மோதவிட்டுட்டு எழுதிக்கிட்டு நிக்கீரே, வெக்கமா இல்ல?"

அவர் பக்கத்தில் நேரத்தையும் குறித்தார். நித்திலா தரையில் கிடந்த கிளைகளைப் பார்த்தாள். பிறகு ஜெசிந்தாவின் கையிலிருந்த ரம்பத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அக்கா என்று கூப்பிடவில்லை.