உள்ளே போட்ட தாழ்ப்பாள்

"கழட்டுடா அதை! பட்டப்பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு மகாராணி உள்ள என்ன பண்றாங்கன்னு பார்ப்போம்!"

காலையிலேயே மாமியாரின் குரல் அடுத்த வீடு வரை கேட்டது. மகன் தச்சுவேலைக்காரன். ஊரார் வீட்டுக்கெல்லாம் கதவு மாட்டுகிறவன், தன் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வேணாங்க... அது மட்டும் வேணாம்..." ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் மனைவி கெஞ்சினாள்.

"நேத்து அரை மணி நேரம்! புள்ள துணிக்கூடையில கிடந்து கத்துது, நீ குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ள உக்காந்திருக்க. நீயெல்லாம் பெத்தவளாடி?"

இதே வாய்தான் அன்று வேறு மாதிரி பேசியது. மூத்த மகளுக்கு எட்டு வயதாகி, இவளும் தையல் கம்பெனியில் சூப்பர்வைசராகி நிமிர்ந்த நேரம். கருத்தடைக்குப் போட்டிருந்த காப்பர்-டீயையும் மீறி இந்தக் கரு தங்கிவிட்டது. "எனக்கு வேணாம் அத்தை, என்னால முடியாது" என்று வாய்விட்டே சொன்னாள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெத்து மட்டும் குடும்மா, நான் வளர்த்துக்கறேன்!" கணவனும் தலையை ஆட்டினான். வேலையை விட்டாள். பெற்றும் கொடுத்தாள். குழந்தை பிறந்த பத்தாம் நாள் மாமியாருக்கு மூட்டுவலி பிறந்தது!

அதன்பிறகு அவளுக்குத் தூக்கமில்லை. காரணமில்லாமல் அழுகை வந்தது. கணவனிடம் சொன்னபோது, "ஊர்ல பொம்பளைங்க பெத்துக்கறதே இல்லியா?" என்றான். போன மாதம் பால் டம்ளரைத் தட்டிவிட்டதற்காக மூத்தவளை அறைந்துவிட்டாள். அதிலிருந்து அந்தப் பெண் அம்மாவிடம் வராமல் தன் தலையைத் தானே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வளர்க்கத் துப்பில்ல, தூக்கம் வரலைன்னு சாக்கு!"

"பாட்டி, அம்மாவைத் திட்டாதீங்க!"

சீருடையோடு நின்ற மூத்தவள்தான்.

"அம்மா உள்ள போனா நான் தம்பி பக்கத்துல உக்காந்துக்கணும். அம்மாவே கதவைத் திறந்து கேட்டாலும் தம்பியைக் குடுக்கக் கூடாது. அம்மா கை நடுக்கம் நின்னாத்தான் குடுக்கணும். அம்மாதான் சொல்லிவெச்சாங்க..."

கணவன் கை அப்படியே நின்றது.

"என்ன... என்ன சொல்றா இவ?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஒருநாள் அழுகையை நிறுத்தவே மாட்டேன்னுட்டான். தலகாணியைக் கையில எடுத்துட்டேங்க... எதுக்கு எடுத்தேன்னு புரிஞ்சதும் தூக்கிப் போட்டுட்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அது நீங்க யாரும் உள்ள வரக்கூடாதுன்னு போட்டதில்ல. நான் வெளிய வரக்கூடாதுன்னு போட்டது!"

"அடிப்பாவி! ராட்சசி! பெத்த புள்ளைய..." மாமியார் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

மருமகள் குழந்தையைக் கொண்டுபோய் அந்த மடியிலேயே வைத்தாள்.

"நான் ராட்சசியா இருந்திருந்தா, இன்னிக்கு உங்க மடியில வைக்கப் புள்ள இருந்திருக்காது அத்தை. நீங்க கேட்டு வாங்கின புள்ள இது. பிடிங்க!"

மாமியார் சொன்னபடி பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளாக இல்லாத அதிசயம் அது.

மருமகள் முகத்தைக் கழுவினாள். புடவையை மாற்றிக்கொண்டு, மூத்தவளின் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இவளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். மனசுக்கு வைத்தியம் பார்க்கற டாக்டரம்மா இருக்காங்களாம்."

"வெளிய தெரிஞ்சா பைத்தியம்னுதான் பேசுவாங்க!" மாமியார் உட்கார்ந்தபடியே கத்தினாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா!" கணவன் முதன்முறையாகத் தாயிடம் குரலை உயர்த்தினான். பிறகு மனைவியிடம் திரும்பினான். "நான்... நானும் கூட வரேன். இன்னிக்கு ஒருநாள் என்னையும் கூட்டிட்டுப் போ..."

"நீங்களும் வந்துட்டா புள்ளையை யாருங்க பார்ப்பாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அவன் குனிந்து, தாயின் மடியிலிருந்த குழந்தையை இரண்டு கையாலும் பழக்கமில்லாமல் தூக்கிக்கொண்டான்.

தெருமுனை திரும்புவதற்குள் வீட்டிலிருந்து அழுகை கேட்டது. மூத்தவள் நின்றுவிட்டாள்.

"அம்மா, தம்பி அழறான்..."

தாயின் உடம்பு ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்ப முயன்றது. ஆனால் அவள் திரும்பவில்லை.

"அழட்டும்மா. அப்பா இருக்காரு."