சிவப்புக் கோட்டுக்குள்

அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கட்டில் அப்படிச் சும்மா இருக்கிற ஜாதி அல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அவர் தன் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்தால் நீளமாக ஒரு முனகல் முனகும்; மெத்தை அந்தப் பக்கம் சரியும்; சுவர் பார்த்துப் படுத்திருப்பவளை ஒரு சாண் தூரம் அவர் பக்கமாக உருட்டிக் கொடுக்கும். இரண்டு பேரும் முகம் திருப்பிக்கொண்ட நாட்களில் சமாதானத் தூது போனதெல்லாம் அந்தக் கட்டில்தான். இன்று மழை இருட்டிய மதியத்தில், ஜன்னல் தகரத்தில் தண்ணீர் சொட்டும் ஓசைக்கு நடுவே, அவர் உட்கார்ந்து, குனிந்து, காலில் ஒட்டிய எதையோ தட்டிவிட்டுக்கொண்டிருக்க, மெத்தை இம்மியும் அசையவில்லை. துவைத்த துண்டு ஒன்றை யாரோ மடித்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

கண்ணைத் திறக்காமலே அவள் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க? வச்சது வச்சபடி இருக்கு."

"தேவையான அளவுக்கு ஆச்சு. நீ தூங்கு, தராசு."

தராசு என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். மளிகைக் கடைக்காரர் மகள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் படித்தவள். எதையும் உள்ளங்கையில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினால் எடை சொல்லிவிடுவாள். அவளிடம் எடையில் கை வைத்த காய்க்காரர் மறுநாள் தெருவை மாற்றிக்கொண்டு போனார். அப்படிப்பட்டவளின் முதுகு, திரும்பிப் பார்க்காமலே, இப்போது ஒரு கணக்குச் சொன்னது. இந்த மனுஷர் குறைந்துகொண்டே வருகிறார்.

அவர் எழுந்து போனார். கட்டில் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கத்து ஷெட்டில் ட்ரில்லிங் மெஷின் ஓட ஆரம்பித்தது.

எல்லாம் அந்த வண்டியால் வந்த வினை.

அவருக்குத் தொழில் பல் செட் செய்வது. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ராவி, தேய்த்து, வாய்க்குப் பொருந்தும்வரை மெருகேற்றிக் கொடுப்பார். ஒரு கடைவாய்ப் பல்லோடு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருக்கிற பொறுமை. அந்தப் பொறுமையெல்லாம் ஒரு நாள் ஷெட்டில் நின்ற பழைய மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பிவிட்டது. அதைப் பிரித்து, வேண்டாததைக் கழித்து, எலும்பும் எஞ்சினுமாக ரோட்ஸ்டர் என்று ஒரு லேசான ஓட்ட வண்டி கட்டப்போகிறேன் என்றார். கட்டிக்கொள்ளட்டும், வெளியே சுற்றாமல் வீட்டில் கிடக்கட்டும் என்றுதான் இவளும் விட்டாள். ஆனால் முதல் நாளே அவர் கழற்றி வீசியது பின் சீட்டை.

"அதை ஏங்க?"

"சும்மா எடை."

புதுசாகக் கல்யாணமான காலத்தில் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, அவர் இடுப்பில் கை போட்டு, ஊர் பார்க்க ஊரைச் சுற்றியவள் அவள். சும்மா எடை என்ற இரண்டு வார்த்தை அவள் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அது மட்டும் குறையவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் எரிச்சலாகவே பட்டது. அடுப்படிக் குழாய் ஒழுகுவதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. வண்டியிலோ ஒரு திருகு லூசானால் அவருக்குத் தூக்கத்தில் தெரிந்தது. வண்டிக்குத் துடைக்கத் தனித் துணி, தனி எண்ணெய். போதாததற்கு, அவள் ஆசையாக வாங்கி ஒரு தடவைகூடப் பூசாத நகப்பாலிஷைக் கேட்காமல் எடுத்துத் தராசில் பூசிவிட்டார். அதுவும் அவளுடைய தராசு. அப்பா கடையை மூடியபோது அண்ணன்கள் ஆளுக்கொன்றை அள்ளிக்கொள்ள, அவள் கேட்டு வாங்கி வந்தது ஆள் ஏறி நிற்கும் அந்த எடை மேடை ஒன்றைத்தான். அதன் வட்ட முகத்தில் இப்போது சிவப்பாக ஒரு கோடு.

வெல்டிங் வைக்க வந்துபோகிற பட்டறைக்காரர்தான் அந்தக் கோட்டின் கதையைச் சொன்னார்.

"மலைப் பாதையில ஓட்டப் பந்தயம் வைக்கிறாங்க அண்ணி. வீட்டுல கட்டின வண்டிக்கு மட்டும். வண்டியும் ஓட்டுறவரும் சேர்ந்து இந்தக் கோட்டுக்குள்ள நிக்கணும். தாண்டுச்சுன்னா வேடிக்கை பார்த்துட்டு வர வேண்டியதுதான்."

"வேடிக்கை பார்க்கிறது நல்லா பழகின விஷயம்தான். நான் இங்க அதைத்தானே செய்யறேன்."

"என்ன அண்ணி, பொறாமையா?"

"ரெண்டு சக்கரம் வச்சவகிட்ட எனக்கென்ன பொறாமை? சக்களத்தின்னாகூட நடுவுல கொஞ்சம் தூங்குவா. இவ கண்ணை மூட மாட்டேங்கிறா."

பட்டறைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை இரண்டு தட்டுக் கூடுதலாகத் தட்டி வைத்தாள்.

பிறகு ஒரு நாள் அவர் வண்டியை மேடையில் ஏற்றி, தானும் ஏறி, மூச்சைப் பிடித்து நிற்க, முள் ஆடி ஆடி, சிவப்புக் கோட்டில் வந்து படுத்தது. அவர் டேங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கன்னத்தை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றவள் டீ ஆறிப்போகும்வரை நின்றாள்.

அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரத்தில், அப்பா கடையிலிருந்து மேடையோடு கூடவே வந்த ஈயக் கட்டிகளை எடுத்தாள். அப்பா நல்ல மனுஷர். அவர் தராசுதான் கொஞ்சம் போக்கிரி. தட்டுக்கு அடியில் ஒரு கட்டி ஒட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கு எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். கட்டி உருளாமல் இருக்கப் பழந்துணியில் சுற்றினாள். வண்டிச் சட்டத்தின் அடிக்குழாய் வாயில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றி, உள்ளே திணித்து, மூடினாள். மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் முள் கோட்டைத் தாண்டி நின்றது. அவர் கத்தவில்லை. இறங்கினார், மேடையைத் துடைத்தார், மறுபடி ஏறினார்.

"சரி," என்றார். "எங்கேயோ இருக்கு. எடுத்துடலாம்."

பிரேக் லீவரில் வரிசையாகத் துளை போட்டார். முள் கோட்டுக்குள் வந்தது. அவள் இன்னொரு கட்டியை இறக்கினாள். செயின் கவரில் துளை. இன்னொரு கட்டி. சீட்டுத் தகடு, செயின் சுற்றும் ஸ்ப்ராக்கெட், கால் வைக்கும் கம்பி. முதலில் பல் அச்சில் குறி வைக்கும் ஊதாப் பென்சிலால் சமமான தூரத்தில் புள்ளி வைப்பார்; அந்தப் பென்சில் ஈரம் பட்டால் அழியாது, இன்னும் பளிச்சென்று ஏறும். பிறகு துளை. பிறகு விளிம்பை ராவி, விரலால் தடவிப் பார்ப்பார். எல்லாத் துளைகளும் பிறந்ததிலிருந்தே இருந்தவை மாதிரி வழவழப்பாக இருக்கும்.

அவள் ஏற்றினாள். அவர் இறக்கினார். இதுவும் ஒரு பேரம்தான் என்று அவள் நினைத்தாள். எதிராளி சலித்து எழுந்து போகும்வரை உட்கார்ந்திருக்கத் தெரிந்தவள் அவள். ஆனால் அப்பா ஒன்று சொல்லியிருந்தார்: கத்துகிறவனைப் பார்த்துப் பயப்படாதே, எவ்வளவு ஏற்றினாலும் சரி சரி என்கிறானே, அவனைப் பார்த்துப் பயப்படு.

இவர் ஒவ்வொரு தடவையும் சரி என்றுதான் சொன்னார்.

ஷெட்டைப் பெருக்குவது அவள் வேலை. வழக்கமாக முறத்தில் வெள்ளிச் சுருள்களாக அலுமினியம் விழும். போன வாரத்தில் ஒரு நாள் சுருள் இல்லை. மாவு மாதிரி வெள்ளையாக ஒரு தூள். முகர்ந்தாள். பல் டாக்டர் வீட்டு நாற்காலியில் வாயைத் திறந்து கிடக்கும்போது மூக்கில் ஏறும் அந்தக் கருகல் வாசனை. பல் செட் வேலையை ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் போல என்று கொட்டிவிட்டாள். ஆனால் கை சும்மா இருக்குமா? முறத்தை ஒரு ஆட்டு ஆட்டியது. கனம் அதிகம். இவ்வளவு தூளுக்கு எத்தனை வாய்களின் பல் வேண்டும்?

பட்டறைக்காரர் கடைசியாக வந்தபோது வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்ல வைத்தார்.

"அண்ணே, இதுல இனி எடுக்க ஒண்ணும் இல்ல."

"தெரியும்பா. மிச்சம் வேற இடத்துல இருக்கு."

டீகூடக் குடிக்காமல் கிளம்பியவர், வாசலில் நின்று வலது கையைப் பேண்ட்டில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணி, அண்ணனை நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. கையைப் பிடிச்சேன்." ஏதோ சொல்ல வந்தார். "காத்து வருது அண்ணி," என்றார். பிறகு அவர் வரவே இல்லை.

இப்போது, மழை மதியத்தில், அவள் படுத்தபடி அந்த ட்ரில்லிங் மெஷினைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரும்பு கத்தும். அலுமினியம் சிணுங்கும். இது இரண்டும் இல்லை. ஈரமான எதிலோ அடங்கி அடங்கி ஓடியது, நடுவில் நின்றது, ஃபூ என்று ஊதும் சத்தம், மறுபடி ஓடியது. வலிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எழுந்துபோய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நான்தான், ஈயம்தான், குழாய்க்குள் இருக்கிறது, போதும் விடுங்கள் என்று. நினைத்தபடியே மழைச் சத்தத்தில் கண் செருகிவிட்டது. தூக்கத்தில் கை மேல் ஒரு எறும்பு நடந்தது. நடந்தது, நின்றது, லேசாகக் குத்தியது. நடந்தது, நின்றது, குத்தியது.

விழித்தபோது மழை விட்டிருந்தது. மெஷின் ஓடவில்லை. வீடு முழுக்க அந்தக் கருகல் வாசனை.

பின்கட்டைத் தாண்டி ஷெட்டுக்குள் போனாள். வண்டி மட்டும் நடுவில் நின்றது. அவர் இல்லை. அவசரமாக மண்டியிட்டு, ரப்பர் மூடியைப் பிடுங்கி, விரலை விட்டுத் துணி முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். எல்லாம் வந்தது. மடியில் போட்டுக்கொண்டாள். கை சொன்னது: போட்டது அத்தனையும் இருக்கிறது. அப்பாடா.

எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது.

மேகம் விலகி, பின்னால் கதவு வழியாகச் சாயங்கால வெயில் வந்திருந்தது. சுவரில் ஒரு ஆள் நிழல். நிழலுக்குள் வட்ட வட்டமாக வெயில். வரிசையாக. சமமான தூரத்தில். தோளிலிருந்து மணிக்கட்டு வரை. கழுத்தின் கீழிருந்து இடுப்பு வரை. செயின் கவரைக் கையில் பிடித்திருக்கிறார், அதன் நிழல் என்று நினைத்தாள்.

திரும்பினாள்.

அவர் கையில் ஒன்றும் இல்லை.

கதவோரம், அவளுடைய தராசு மேடையில் ஏறி நின்றிருந்தார். வெயில் அவர் வழியாக வந்தது. ஒவ்வொரு விளிம்பும் ராவியிருந்தது. வழவழப்பாக.

"எடுத்துட்டியா?" என்றார். குரல் வாயிலிருந்து மட்டும் வரவில்லை. பல இடங்களிலிருந்து மெல்லிய விசிலாக வந்து சேர்ந்தது.

அவள் மடியிலிருந்த கட்டிகளைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாமலா இருக்கும்? கோபமெல்லாம் இல்ல. நீ ஏத்த ஏத்தத்தான் எங்கெல்லாம் சும்மா எடை இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. இப்போ முள்ளைப் பாரு."

பார்த்தாள். வண்டி இல்லாமல் அவர் மட்டும் நிற்கிறார். முள் ஆரம்பத்தைவிட்டுக் கிளம்பவே இல்லை.

"எவ்வளவு மிச்சம் பார்த்தியா? எல்லாம் உனக்குத்தான். வண்டியைப் பாரு."

சட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு சீட்டு இருந்தது. சின்னது. இரண்டு உள்ளங்கை அகலம். கறுப்புத் தோல், நெருக்கமான தையல். அவளுக்காக உட்கார்ந்து தைத்திருக்கிறார். ஒரு நொடி, ஒரே நொடி, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜெயித்துவிட்டாள். அவள் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நொடி கடைக்காரர் மகள் விழித்துக்கொண்டாள். வண்டியின் எடை தெரியும். கோடு தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியும். தன் எடையும் தெரியும். அவர் முழு ஆளாக இருந்தபோதே அவரைவிட அவள்தான் நல்ல கனம்.

"நான் அதுக்குள்ள வரமாட்டேனே," என்றாள். பேரம் பேசுகிற குரல்தான் வந்தது. வேறு குரல் வரவில்லை.

"சரி," என்றார் அவர்.

மேடையிலிருந்து இறங்கினார். சத்தம் இல்லை. மெஷினை எடுத்தார். புது ட்ரில் பிட் மாட்டி, நுனியை ஃபூ என்று ஊதினார். மார்பு முழுக்க ஊதியது.

எறும்பு நடந்த கையை அவள் வெளிச்சத்தில் திருப்பினாள். மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஊதாப் புள்ளிகள். வரிசையாக. சமமான தூரத்தில்.

கட்டை விரலை நக்கி, முதல் புள்ளியை அழுத்தித் தேய்த்தாள்.

ஈரம் பட்டது. புள்ளி பளிச்சென்று ஏறியது.