குழாயின் மறுமுனை

கம்ப்ரசர் நின்று வெகுநேரமாகியும் அழுத்தம் இறங்கவில்லை. திரையில் சென்சார் கோளாறுக்கான குறியீடு மின்னியது. மெக்கானிக் அதை அழித்தான். பிடிவாதம் பிடித்த சனியன், உடனே திரும்பி வந்தது. எண்ணெய் சூடேறி மெஷின் நின்றதும் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டியவன் அவன்தான். சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

பக்கத்திலிருந்த பெரிய இரும்புத் தொட்டிக்குள் அவன் அக்காவின் கணவர் ரசாயனப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கம்ப்ரசரிலிருந்து முகமூடிக்குக் குழாய் வழியே போகும் காற்றுதான் அவருடைய உயிர். மெஷின் நின்றதுமே வாக்கி-டாக்கியில் கூப்பிட்டுப் பார்த்தான்.

"மாமா, வெளிய வாங்க."

"காத்து ஜில்லுனு வருது மாப்ள. இந்த மூலைய முடிச்சுட்டு வரேன். அதுக்குள்ள உங்க அக்காவுக்குப் போன் போட்டு ஒப்பாரி வைக்காத."

மிச்சக் காற்று போகிறதாக்கும் என்று இருந்துவிட்டான். இப்போது, சுட்ட எண்ணெய் நாற்றமும் தின்னர் நெடியும் தொண்டையைக் கமற, சென்சாரைக் கழற்றிவிட்டுச் சாதாரண முள் மீட்டரை மாட்டினான். முள் மெதுவாக ஏறியது. சற்று நின்றது. மெதுவாக இறங்கியது. காற்றுச் சேமிப்பு டேங்கின் அடிவால்வைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. டேங்க் காலி.

மாமாவின் முகமூடிக்குப் போகும் குழாய் மட்டும் உப்பி உப்பி அடங்கியது.

டேங்கிலிருந்து அதன் இணைப்பைப் பிடுங்கினான். சீறவில்லை. திறந்த முனை தரைத்தூசியை உள்ளே இழுத்தது. பிறகு ஊதியது. வெதுவெதுப்பாக.

"மாமா!"

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினான்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமூடியைக் கழற்றினான். முகம் நீலம் பாரித்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. மூச்சு இல்லை.

மறுபடி மாட்டினான். நெஞ்சு ஏறியது.

கழற்றினான். நின்றது.

அக்காவுக்கு வேறு நாதியில்லை. மாட்டினான். வாரை இறுக்கினான். மாமா எழுந்தார்.

குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரை நடத்திக் கூட்டிவந்தான். வழியெல்லாம் அதன் முனை அவன் காதோரம் மூச்சுவிட்டது. அக்கா கதவைத் திறந்தாள்.

"இது என்ன கோலம்? வீட்டுக்குள்ளயுமா இதை மாட்டிக்கிட்டு வருவீங்க?"

சிரித்துக்கொண்டே முகமூடியின் கொக்கியில் கை வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தான். அதற்குள் கொக்கி விடுபட்டது.

காதோரம் அந்த மூச்சு ஆழமாக உள்ளே இழுத்தது. அக்காவின் நெற்றி முடி முழுவதும் குழாயின் முனையை நோக்கி எழுந்து நின்றது.