நிலாமேனி சிவப்பழகு க்ரீம்

"கொட்டாதீங்க! உங்களக் காப்பாத்தப்போறதே அதுதான்!"

சந்தோஷ் பாய்ந்து ரோஷினியின் கையைப் பிடித்தான். கொரட்டூரில் ஃபேன்ஸி ஸ்டோர் நடத்தும் ரோஷினி, 'நிலாமேனி' க்ரீம் டப்பாக்களைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனாள். அவள் விரலில் தங்க மோதிரம் பளீரென்று மஞ்சளாக மின்னியது.

"போலீசு வந்துகினு கீது சார்! எங்கிட்ட இந்தக் க்ரீம வாங்கிப் பூசின காவ்யா கிட்னி போய் ஆஸ்பத்திரில கெடக்குறா. அதுல பாதரசத்த நான் கலந்துட்டேன்னு எம்மேல பழி போடுறான் கம்பெனிக்காரன். டப்பா மூடியக்கூட நான் தொறந்ததில்ல!"

"கம்பெனிக்கே போவோம்," என்றாள் துப்பறிவாளர் அருள்மொழி, அலட்டிக்கொள்ளாமல். காவ்யாவின் அம்மா கொடுத்த காகிதப் பொட்டலம் அவள் கைப்பையில் இருந்தது. உள்ளே என்ன என்பதை உதவியாளன் சந்தோஷிடம்கூடச் சொல்லவில்லை.

நூம்பலில் இருந்த க்ரீம் கம்பெனியில் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் அய்யாசாமி, முதலாளி ஜெகதீஷ் வாங்கித் தந்த மிக்சரைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"இங்க எடுத்த சாம்பிள் சுத்தம். கடைச் சரக்குலதான் பாதரசம். கேஸ் முடிஞ்சுது."

"எந்த டப்பாவுல எடுத்தீங்க?"

"இவர் நீட்டினதுல."

"வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணீங்களோ?"

"பின்ன? கேட்டு பூட்டியிருந்தா?"

இந்த ஆய்வுக்கு அந்த மிக்சரே அதிகம் என்று சந்தோஷுக்குத் தோன்றியது.

ஜெகதீஷ் சிரித்தபடி சுவரைத் தட்டினான். மஞ்சளும் வெள்ளையுமாக இரட்டை நிறத்தில் மோதிரம் மின்னியது. "லைசென்ஸ் தொங்கிகினு கீது, பாரும்மா. அந்த வளையல் கடைக்காரி கலந்துட்டு எம்பேர நாறடிக்குறா. நான் முதலாளி. க்ரீம விரலால தொட்டதே கெடையாது."

"மோதிரம் நல்லாருக்கே. புது டிசைனா?"

"மாமனார் போட்டது. சொக்கத் தங்கம். கல்யாணத்துலேர்ந்து கழட்டினதில்ல."

லைசென்சுக்குப் பக்கத்தில் அவன் கல்யாணப் போட்டோ. அதில் அதே மோதிரம் முழு மஞ்சள்.

அருள்மொழி பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தாள். இன்னொரு மோதிரம். பாதிக்கு மேல் வெளுத்திருந்தது.

"காவ்யாவோட நிச்சயதார்த்த மோதிரம். இதுவும் சொக்கத் தங்கம்தான்."

ஜெகதீஷின் கை மெல்ல மேஜைக்கடியில் போனது. அய்யாசாமியின் வாயில் மிக்சர் அப்படியே நின்றது.

"பாதரசம் பட்டா தங்கம் வெளுத்துடும், முதலாளி. அவ தெனமும் உங்க க்ரீமைத் தேய்ச்சா, வெளுத்துச்சு. விக்கிற ரோஷினி மோதிரம் மஞ்சளாவே இருக்கு. தொடாத உங்க மோதிரத்துக்கு என்ன ஆச்சு?"