அகழிக்கு வெளியே கரை

அகழிக்கு நடுவே இருந்த திட்டில் புல் ஒட்ட மேயப்பட்டுக் கிடந்தது. ரோன்வெனுக்கு முதலில் உறுத்தியது அதுதான். பண்ணைக்காரர் பிரோசரின் ஆடுகள் நாற்பதும் வெளியே வேலியோரம் நெருக்கியடித்து நின்றன. ஒன்றுகூட அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

அந்த இடத்தில் முன்பு கோட்டை இருந்ததா என்று தொல்லியல் துறைக்குக் கண்டு சொல்வது அவள் வேலை. கல் ஒன்றும் மிஞ்சவில்லை. வட்டமான அகழியும் ஒரு மண்கரையும்தான் இருந்தன. கோட்டை என்று அவள் எழுதினால் அங்கே யாரும் கைவைக்க முடியாது. இல்லை என்று எழுதினால் பிரோசர் அகழியைத் தூர்த்து மாட்டுக்கொட்டகை போட்டுவிடுவார். கெட்ட மனிதரில்லை, அவசரக்காரர். அவள் கால் நனையக்கூடாதென்று காலையிலேயே டிராக்டரில் மண் கொண்டுவந்து கொட்டி, அகழியின் குறுக்கே பாதை போட்டு வைத்திருந்தார்.

“எங்க தாத்தா காலத்துலேருந்து யாரும் உள்ள போனதில்லம்மா,” என்றார். “போறதுக்கு வழியே இல்லியே. நீங்கதான் மொத ஆளு.”

கணவன் எம்லின் வேலிக்கதவருகே காரில் இருந்தான். கால் முறிந்து மாவுக்கட்டு. வீட்டில் சலித்துப்போய்க் கூடவே தொற்றிக்கொண்டு வந்தவன். கோட்டையை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள், தனக்குத்தான் பசியில் உயிர் போகிறது என்று சொல்லி அவளை அனுப்பினான்.

மதியம் மூன்று மணிக்கே நவம்பர் மூடுபனி வயலிலிருந்து எழும்பி, தேங்கிய தண்ணீரின் நாற்றத்தையும் ஈரக் கம்பளியின் வாடையையும் சேர்த்துக்கொண்டு, திட்டில் அளந்துகொண்டிருந்த அவள் முழங்கால்வரை ஏறியபோது, முதுகுக்குப் பின்னால் புல்லைப் பறித்து நிதானமாக மெல்லும் சத்தம் கேட்டது. அளவு நாடாவை நிறுத்தினாள். சத்தமும் நின்றது. ஆடு என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். ஆடு இல்லை.

வேலையை விடவில்லை. அளவுகளைத் தாளில் கோடாக இழுத்தபோது பென்சில் தானாக நின்றது. எதிரிக்குப் பயந்து அகழி வெட்டுகிறவன் தோண்டிய மண்ணை உட்பக்கம் குவித்துச் சுவராக்கிக்கொள்வான். இங்கே கரை வெளிப்பக்கம் இருந்தது. சுற்றிலும் வாசலுக்கென்று ஓர் இடைவெளிகூட விடவில்லை.

பயந்தவர்கள் வெளியே இருந்திருக்கிறார்கள்.

மெல்லும் சத்தம் இப்போது எங்கும் இல்லை.

பாதைக்கு ஓடினாள். புது மண். உள்ளே வந்த அவளுடைய பூட்ஸ் தடம். பக்கத்திலேயே வெளியே போன தடம். வெறுங்கால். நீள நீளமான விரல்கள். நேராக வேலிக்கதவை நோக்கி.

போனை எடுத்து எம்லினைக் கூப்பிட்டாள்.

“என்ன விளையாட்டு இது?” என்றான் எம்லின். “இப்பதானே வந்து பின் சீட்ல ஏறுன? கேட்டா பதில் இல்ல. பின்னாலேருந்தே எதுக்குடி போன் பண்ற?”

“எம்லின். எறங்கு.”

“கட்டுக்காலோட எங்க எறங்குறது? நீ மொதல்ல கதவ...”

பேச்சு அறுந்தது. அவனுடைய மூச்சு கேட்டது. பிறகு அதுவும் இல்லை. போனுக்கு வெகு அருகில் எதையோ பறித்து, நிதானமாக மெல்லும் சத்தம்.

அவள் பாதையில் நின்றுகொண்டிருந்தாள். பனிக்குள்ளிருந்து ஆடுகள் வந்தன. காரைத் திரும்பிப் பார்க்காமல், அவளை உரசிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக நாற்பதும் உள்ளே போயின.