ரேகை விழாத விரல்

மேற்கே வானம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கோபிப் பாலையில் பிறந்த யாருக்கும் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. புழுதிப்புயல் கிளம்பிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே வந்து எல்லார் வாயிலும் மண்ணைப் போடும்.

பதிவு அலுவலர் பாசன்ஜாவும் அதைப் பார்த்துவிட்டார். மடிக்கணினியையும் கைரேகைக் கருவியையும் வேனில் ஏற்றிக்கொண்டு நகரத்திலிருந்து வந்தவர் அவர். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கப் பெயர் சேர்க்க இன்றுதான் கடைசி நாள்.

"சீக்கிரம் வாங்க! காத்து வந்தா நான் கிளம்பிடுவேன். மண்ணு புகுந்தா கருவி காலி!" என்று கத்தினார்.

ஊர் அலுவலகத்தின் முன் நின்ற வேனின் கதவருகே, வரிசையில் சொலோங்கோ அம்மாவோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. அவளுடைய அங்கியின் மார்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளாட்டுக்குட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. தாயில்லாத குட்டி. தனியே விட்டுவந்தால் கத்தியே ஊரைக் கூட்டிவிடும். அந்தப் பக்கத்தில் அடுத்த கூடாரம் கண்ணுக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

சொலோங்கோவின் அம்மா துங்கலக் வடக்கே காட்டுப்பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தாள். ஆள்தான் வந்தாளே தவிர, பதிவேட்டில் பெயர் அங்கேயே தங்கிவிட்டது. போன தேர்தலன்று எல்லாரும் பட்டு அங்கி போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போவதுபோல் வாக்களிக்கப் போனார்கள். அம்மா ஆடுகளோடு நின்றாள்.

ஒட்டகக்காரர் சொய்தோக் மாமா சும்மா போகாமல், "நீ வடக்கத்தி ஆளாச்சே, இங்க உனக்கு ஏது ஓட்டு? எங்க ஆட்டையும் சேத்துப் பாத்துக்க!" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் கூடாரத்துக்குள் வந்ததும் தன் பட்டு அங்கியை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். சொலோங்கோ அப்போது சின்னப் பிள்ளை. இருந்தாலும் அது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

"இந்தத் தடவ விடறதா இல்ல" என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்னமே வந்திருப்பாள். ஆட்டு ரோமம் சீவும் பருவம். ரோமம் உதிர ஆரம்பித்துவிட்டால் தேர்தல் வருகிறது என்று காத்திருக்குமா?

"அடுத்தது! கட்டைவிரல வைங்க அக்கா."

அம்மா வைத்தாள். கருவி 'பீப்' என்றது. சிவப்பு விளக்கு.

"நல்லா அழுத்துங்க."

அம்மா அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் சிவப்புதான்.

பாசன்ஜாவ் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்து, தேய்ந்து, பழைய செருப்பு போல இருந்தது.

"உங்க விரல்ல ரேகையே இல்லையேக்கா. எங்க போச்சு?"

"வசந்தம் பூரா ரோமம் சீவினேன். ஆட்டுக்கிட்டதான் கேக்கணும்" என்றாள் அம்மா. சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"ரேகை இல்லாம பேர மாத்த முடியாதுக்கா. நானா ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த தேர்தலுக்குப் பாத்துக்கலாம்."

"போன தேர்தல்லயும் இதையேதான் சொன்னாங்க தம்பி."

சொலோங்கோ கணக்குப் போட்டாள். இன்று விட்டால் இன்னும் நான்கு வருஷம் அம்மா ஆடுகளோடுதான் நிற்க வேண்டும்.

"நகருங்க, நகருங்க!" என்று ஒரு குரல் கேட்டது. சொய்தோக் மாமாதான். அவருடைய அடையாள அட்டையை ஒட்டகம் தின்றுவிட்டது. புது அட்டைக்காகக் காலையிலேயே வந்தவர். அவருக்கும் ரேகை விழவில்லை. வேன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தார்.

"காஞ்ச கைக்கு என்ன வேணும்? கொழுப்பு வேணும்!" என்று சொல்லி, மடியிலிருந்து செம்மறியாட்டின் வால்கொழுப்பை எடுத்தார். என்ன ஏது என்று கேட்பதற்குள் அம்மாவின் வலது கட்டைவிரலில் பளபளவென்று தடவிவிட்டார். "இப்ப வை!"

அம்மா வைத்தாள். கருவி 'பீப்' என்றுகூடச் சொல்லவில்லை. அதன் கண்ணாடி முழுக்க வெள்ளையாக அப்பிக்கொண்டது.

"ஐயையோ! என் கண்ணாடி!" பாசன்ஜாவ் தலையில் கை வைத்தார். "மாமா, காலைல நீங்களும் இதத் தடவிக்கிட்டுத்தான் வந்தீங்களா?"

சொய்தோக் மாமா, வானத்தில் ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல் மேலே பார்த்தார்.

பாசன்ஜாவ் துணியால் கண்ணாடியைத் துடை துடையென்று துடைத்தார். அதற்குள் வெயில் மங்கிவிட்டது. கொடிக்கம்பத்தில் கொடி படபடவென்று அடித்தது. ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார்.

"போதும்டா தம்பி, கிளம்பு! வழி தெரியாம போயிடும்!"

காற்றுச் சத்தத்தில் மிரண்ட குட்டி 'மே' என்று கத்தியது. சொலோங்கோ எப்போதும் போல அதன் வாயில் விரலைக் கொடுத்தாள். பால் இல்லாவிட்டாலும் விரல் கிடைத்தால் போதும், சப்பிக்கொண்டு சும்மா இருக்கும். வாய்க்குள் அடுப்புப் பக்கம்போல் கதகதப்பாக இருந்தது.

விரலை வெளியே எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய விரலும் காலையில் குளிரில் வறண்டு வெளுத்துத்தான் இருந்தது. இப்போது சிவந்து, மெத்தென்று ஆகியிருந்தது. சுழிசுழியாகக் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

பாசன்ஜாவ் மடிக்கணினியை மூடப் போனார்.

"அண்ணா, மூடாதீங்க!" சொலோங்கோ வேன் படியில் ஏறிவிட்டாள். "அம்மா, இடது கை விரலக் குடு! கொழுப்பு படாத விரல்!"

"எதுக்குடீ?"

"குட்டி சப்பட்டும்!"

"ஏய், ஆட்டு எச்சிலையா என் கருவி மேல வைக்கப் போற?" என்று பாசன்ஜாவ் அலறினார்.

"துடைச்சிட்டுத்தான் வைப்போம்ணா. கொழுப்பையே வச்சாச்சு, இது என்ன பண்ணிடும்?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாசன்ஜாவ் வானத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரே ஒரு தடவதான்."

அம்மா இடது கட்டைவிரலைக் கொடுத்தாள். குட்டி மோந்து பார்த்தது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. சொலோங்கோவுக்கு உயிரே போய்விட்டது.

"குடிடா தங்கம், குடிடா" என்று அதன் தாடையைத் தடவினாள். குட்டி யோசித்தது. பிறகு பெரிய மனது பண்ணி விரலைக் கவ்விக்கொண்டு, வாலை ஆட்டி ஆட்டிச் சப்பியது. மணல், பொரி பொரிவதுபோல வேன்மேல் விழும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

"வைங்க!"

அம்மா வைத்தாள். சிவப்பு.

அம்மாவின் தோள் தொங்கிப்போயிற்று.

"ஈரம் ஜாஸ்திண்ணா! நான் சொன்னேனே, துடைக்கணும்னு!" சொலோங்கோ தன் அங்கியின் ஓரத்தால் அம்மாவின் விரலைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். "இது சேத்தி இல்ல. இதுதான் அந்த ஒரு தடவ!"

பாசன்ஜாவ் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார். அவரும் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா விரலை மெதுவாக வைத்தாள். கருவி ஒரு கணம் யோசித்தது.

பச்சை.

"விழுந்துடுச்சு!" என்று முதலில் கத்தியது பாசன்ஜாவ்தான்! அப்புறம், தான் ஓர் அலுவலர் என்பது ஞாபகம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

சொய்தோக் மாமா சொலோங்கோவின் பக்கத்தில் வந்து நின்றார். கொழுப்பு படாத ஒரு விரலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா... அந்தக் குட்டிய மாமாவுக்கும் கொஞ்சம் குடேன்."

சொலோங்கோ அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கலாம். சொலோங்கோவாக இருந்தால் கொஞ்ச நேரமாவது கெஞ்ச விட்டிருப்பாள்.

"குடு. பாவம், அட்டைய ஒட்டகம் தின்னா அவரு என்ன பண்ணுவாரு?" என்றாள் அம்மா.

மாமா குனிந்து விரலைக் கொடுத்தார். குட்டி முதல் வேலையாக நறுக்கென்று கடித்தது. அவர் போட்ட சத்தத்தில் புயலே ஒரு நிமிஷம் நின்றிருக்கும்.

அதற்குள் பாசன்ஜாவ் திரையைப் பார்த்து, வழக்கப்படி உரக்கப் படித்தார்.

"துங்கலக். வாக்காளர். வசிக்கும் ஊர், இந்த ஊர். சரிதானேக்கா?"

அம்மா தலைக்குட்டையைக் காதுக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

"காத்துல ஒண்ணும் கேக்கல தம்பி. இன்னொரு தடவ படிங்க."

பாசன்ஜாவ் வாயில் போன மண்ணைத் துப்பிவிட்டு, வரிசையில் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை படித்தார்.

அம்மாவுக்குப் பாம்புக் காது. மலைக்கு அந்தப் பக்கம் ஆடு தும்மினாலும் கேட்கும். அது சொலோங்கோவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.